எங்கள் வீட்டுத் தண்ணீர்

நீங்கள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டேன் சார். எங்கே பிடித்தது என்று கேட்கவில்லை. கொடுத்தவரிடம் அப்படிக் கேட்பது எங்கள் மலையில் பழக்கமில்லை. கை நீட்டி வாங்க வேண்டும், குடிக்க வேண்டும், அப்புறம்தான் பேச்சு.

என் தம்பி ராஜ்குமாரும் இந்த ஜவ்வாது மலையில் பிறந்தவன்தான். சின்ன வயதில் நானும் அவனும் ஒரே ஓடையில் குப்புறப் படுத்து வாய் வைத்துக் குடித்திருக்கிறோம். படித்தான், ஜெர்மனிக்குப் போனான், நல்லது. திருப்பத்தூர்ப் பெண் ரேணுகாதேவியைக் கட்டினான், அதுவும் நல்லது. இந்த வருஷம் மனைவியையும் சின்ன மகள் நதியாவையும் கூட்டிக்கொண்டு லீவுக்கு வந்தான். வாசலிலேயே என் மனைவி செல்லம்மா செம்பை நீட்டினாள். அவன் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் காட்டினான்.

"தப்பா நெனைக்காதீங்க அண்ணி. வெளிநாடு போனா குழாய்த் தண்ணி குடிக்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லி அனுப்பிச்சிருக்காரு."

"இது இன்னாடா வெளிநாடு? உன் வூடு" என்றேன்.

"பாப்பாவுக்கு இது வெளிநாடுதானேண்ணா. அவளுக்காக நாங்களும் கேன் தண்ணியே குடிச்சிக்கிறோம்."

ஜெர்மனியில் எப்படி என்று விசாரித்தேன். அங்கே குழாயைத் திறந்து அப்படியே குடிப்பார்களாம். அங்கே குழாயில் குடிக்கிறவனுக்கு இங்கே குழாய் ஆகாது. எனக்கு எரிச்சலாக வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. தம்பி ஆயிற்றே.

ஜமுனாமரத்தூரில் ராஜாக்கண்ணு கடையில் கேன் வாங்கி, வண்டியில் கட்டி, மேடேறி வருவது என் வேலையானது. சாமைக்குக் களை எடுக்கிற நேரத்தில் அதற்கு அலைந்தேன். மூடியைப் பிரித்துக் கூடத்து ஸ்டாண்டில் கவிழ்த்து வைப்பதும் நான்தான். எங்கள் பானை பக்கத்திலேயே இருக்கும். அதை அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். செந்தாமரை விஷயத்தில்தான் பொறுக்க முடியவில்லை. செந்தாமரை என் மகள். மேலூர் மாதையன் தன் மகனுக்கு அவளைக் கேட்டு வந்தார். எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. பெண் கேட்டு வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் முன், பெண்ணின் சித்தப்பன் அதே செம்பிலிருந்து அண்ணாந்து ஒரு மிடறு குடிக்க வேண்டும். இந்த வீட்டில் குறையொன்றும் இல்லை என்பதற்குக் கூடப்பிறந்தவன் சொல்லும் சாட்சி அது. ராஜ்குமாருக்குத் தெரியாததல்ல. செம்பைத் தூக்கினான். நதியா பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு நியாயம், தனக்கு ஒரு நியாயமா என்று நினைத்தானோ என்னவோ, இறக்கி வைத்துவிட்டான்.

மாதையன் செம்பைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "இன்னொரு நாளைக்கு வர்றோம்பா" என்று எழுந்துகொண்டார்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. "கூடப் பொறந்தவனே தண்ணி வாங்கல. அந்த வூட்டுல இன்னா கீதோ" என்று என் காதுபடவே பேசினார்கள். செந்தாமரை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள் சோற்றுக்கும் எழவில்லை. தம்பியிடம் போய், இப்படிச் செய்துவிட்டாயே என்றேன். "இதெல்லாம் சயின்ஸுண்ணா. இதுக்குப் போய் சம்பந்தம் வாணான்னா அது அவுங்க அறியாமை" என்றான். அவன் மகளுக்கு ஒரு நியாயம், என் மகளுக்கு ஒரு வார்த்தை.

அதற்கு அப்புறம் நான் கேன் வாங்கப் போகவில்லை. காலிக் கேனை எடுத்துக்கொண்டு போய், பின்கட்டுக் குழாயில் நிரப்பிக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்து வண்டிச் சத்தத்தோடு வருவேன். காசு ஆசை என்று எழுதிவிடாதீர்கள். அவன் கொடுத்ததை அப்படியே காளியம்மன் உண்டியலில் போட்டேன்.

காளியம்மன் திருவிழாவுக்கு மாதையன் வருவார். அத்தனை பேர் நடுவில், "இத்தினி நாளா நீ குடிச்சது நம்ம வூட்டுத் தண்ணிதான்டா. உனக்கு இன்னா ஆயிட்ச்சி?" என்று கேட்க நினைத்தேன். என் மகள் கல்யாணம் அந்த ஒரு கேள்வியைத்தான் நம்பியிருந்தது. கெட்ட எண்ணம் உள்ளவன் ஊரைக் கூட்டிச் சொல்ல நினைப்பானா?

ஒன்றும் ஆகவில்லை. மூன்று பேரும் குடித்தார்கள், தெம்பாக இருந்தார்கள். "இந்தக் கேன் தண்ணி நல்லா டேஸ்ட்டா இருக்குதுண்ணா" என்றுகூடத் தம்பி சொன்னான். அன்றைக்கு எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை நான் மறைக்கவில்லை.

அப்புறம் அந்தப் பெரிய மழை. குழாய்க்குத் தண்ணீர் ஏற்றும் ஊர்க் கிணற்றில் ஓடைத் தண்ணீர் இறங்கிவிட்டது. குழாயில் செம்மண் நிறத்தில் வந்தது. காய்ச்சிக் குடிக்கச் சொல்லிப் பஞ்சாயத்தில் மைக் வைத்துச் சொன்னார்கள். நானும் கேட்டேன். திருவிழா நெருங்கிவிட்டது. நடுவில் கடைத் தண்ணீர் வாங்கி ஊற்றிவிட்டு, எல்லாம் எங்கள் தண்ணீர் என்று காளியம்மன் எதிரில் எப்படிச் சொல்வது? நான் பொய் சொல்கிற ஆள் இல்லை. பாதிக் கிணறு தாண்டியவன் நிற்க முடியாது. தெளிய வைத்து, வேட்டித் துணியை நான்காக மடித்து வடிகட்டி, கேனில் ஊற்றினேன். பார்வைக்குக் கண்ணாடி மாதிரி இருந்தது.

நதியாவுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தது. பெரியவர்கள் இருவருக்கும் லேசாக வந்து நின்றுவிட்டது. ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன்.

"கொழந்த இன்னா தண்ணி குடிக்குது?" என்று டாக்டர் கேட்டார்.

"கேன் தண்ணி மட்டும்தான் சார். அதுல நாங்க ரொம்ப கண்டிஷன்" என்றான் தம்பி.

டாக்டர் என் முகத்தையும் பார்த்தார். நான் தலையாட்டினேன். ஆட்டாமல் இருந்தால் என்ன அர்த்தம்? எங்கள் வீட்டுத் தண்ணீர் ஒரு பிள்ளைக்கு ஆகவில்லை என்று நானே ஊருக்குச் சொன்னதாகும். மாதையன் காதுக்கு எட்ட எவ்வளவு நேரமாகும்? டாக்டர், வெளியில் தின்ற ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு செய்து, மருந்தும், உப்புச் சர்க்கரைப் பொடியும் கொடுத்தார். நல்ல தண்ணீரில் கலக்கி, நிறையக் கொடுக்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து ரேணுகாதேவி அதைக் கேன் தண்ணீரில்தான் கலக்கினாள். தூங்காமல் உட்கார்ந்து கொடுத்தாள். கேன் தீர்ந்தபோது, "மாமா, இன்னொரு கேன் சீக்கிரம்" என்று கெஞ்சினாள். நிரப்பிக்கொண்டு வந்து வைத்தேன். அவள் பாத்ரூம் போன நேரத்தில் பிள்ளை, "பெரியப்பா, தண்ணி" என்றாள். டம்ளரை நான்தான் பிடித்தேன். மிச்சம் வைக்காமல் குடித்தாள். எங்கள் வீட்டுத் தண்ணீர் வேண்டாம் என்று அந்தப் பிள்ளை ஒருநாளும் சொன்னதில்லை சார், அவளைச் சொல்லக் கூடாது.

பிள்ளைக்கு முற்றிப்போய், திருப்பத்தூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் காரில் இறங்கும்போது, கொண்டை ஊசி வளைவு ஒன்றில் அவள் மூச்சு நின்றுவிட்டது. தம்பி என் தோளில் சாய்ந்து அழுதான். எனக்கும் அழுகை வந்தது.

நான் கடைப்பக்கமே வரவில்லை என்று ராஜாக்கண்ணு உங்களிடம் சொன்னது சரிதான். அவன்மேல் கோபமில்லை. கேன்களில் ஊற்றியது நான்தான், மழைக்கு முன்பும் பின்பும். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் தண்ணீரால்தான் என்று எழுதினால் ஒத்துக்கொள்ளமாட்டேன். அந்தப் பிள்ளையின் உடம்பு வெளிநாட்டில் வளர்ந்த உடம்பு, ஒன்றும் தாங்கவில்லை.

நீங்களோ திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்கிறீர்கள், மழைக்கு அப்புறம் எங்கள் பானையில் என்ன தண்ணீர் இருந்தது என்று. செல்லம்மா சொல்லியிருப்பாள். காய்ச்சின தண்ணீர்தான். நானே விறகு வைத்து, தளதளவென்று கொதிக்கவிட்டு, ஆற்றி ஊற்றினேன். செந்தாமரை குடிக்கிற தண்ணீர் சார். தெரிந்தே பிள்ளைக்கு யாராவது கலங்கல் தண்ணீரைக் கொடுப்பார்களா?