வளைவில் கிடந்த நெல்

தார் போட்டு மட்டமாக்கிய காபெற் வீதியில் காயும் நெல் நல்ல நிறமாக இருக்கும். மண் சேராது, குறுணிக்கல் சேராது. தர்மபுரத்தில் எங்கள் உள்வீதிக்குக் காபெற் போட்ட வருடத்திலிருந்து, காலபோக அறுவடை முடிந்தால் வீதியில் பாதி எங்களுக்கு, மற்றப் பாதி வாகனங்களுக்கு. திடீர் மரண விசாரணை அதிகாரியான உங்களுக்கு இது தெரியாததல்ல. அழகம்மாவின் சாவை விசாரிக்க வந்தபோது நீங்களும் அந்த மற்றப் பாதியில்தான் வந்தீர்கள்.

அன்றைக்கு நீங்கள் என்னிடம் கேட்டது, என் மகள் என்ன வேகத்தில் வந்தாள் என்று. வேகமாகத்தான் வந்தாள் என்றேன். நெல்லைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. யார்தான் கேட்பார்கள்? மாசி மாதத்தில் வீதியில் நெல் கிடப்பது மாரியில் தண்ணீர் கிடப்பதுபோலத்தான்.

தாட்சாயினி எனக்கு ஒரே பிள்ளை. கடைசிச் சண்டையில் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து போய் அவளோடு மட்டும் திரும்பி வந்தவன் நான். பள்ளிக்கூடம், ரியூசன், பிறகு கிளிநொச்சியில் வேலை, எதற்குப் போனாலும் என் சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய் பஸ்ஸில் ஏற்றிவிடுவேன். பின்னேரம் அதே இடத்தில் காத்து நின்று கூட்டி வருவேன். "கதிர்காமநாதன்ரை மகளைக் கட்ட வாறவன் முதல்லை இவரிட்டைப் பாஸ் எடுக்கவேணும்" என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள். நானும் சிரிப்பேன். எனக்கு அது பெருமையாகவே இருந்தது.

பிறகு அவள் தன் சம்பளத்தில் அந்தப் பற்றரிச் சைக்கிளை வாங்கினாள்.

"அப்பா, இனி நீங்கள் வெயிலுக்கை நிக்கத் தேவையில்லை. நானே போய் வருவன்."

அன்பாகத்தான் சொன்னாள். நியாயமாகச் சொல்லவேண்டும், அவள் கவனமான பிள்ளை. ஹெல்மெற் போடாமல் ஏறமாட்டாள். இடதுபக்கம் விட்டு விலகமாட்டாள். சத்தமில்லாத சாமான், ஆட்களுக்கு வருவது தெரியாது என்று நான் சொன்னதிலிருந்து, வளைவுக்கு முன்னாலேயே மணியடிப்பாள். குறை சொல்ல ஒன்றும் இல்லாததுதான் எனக்குப் பெரிய கரைச்சலாகப் போனது.

தை மாதம், வவுனியாவில் இதைவிட நல்ல வேலை கிடைத்திருக்கிறது, சிநேகிதி யதுர்ஷிகாவோடு அறை எடுத்து இருக்கப்போகிறேன், சைக்கிளையும் கொண்டுபோகப்போகிறேன் என்றாள். எனக்குப் பயமாக இருந்தது. கோபமும் வந்தது, அதை ஒளிக்கத் தேவையில்லை. ஒரு சின்ன விழுகை விழுந்தால் போதும் என்று நினைத்தேன். முழங்காலில் ஒரு சிராய்ப்பு, மனதில் ஒரு பயம், அவ்வளவுதான். அடி உதவுகிறதுபோல அண்ணன் தம்பி உதவார் என்பார்கள். அவளுக்கு அண்ணன் தம்பியும் மிஞ்சவில்லை.

வளைவில் நெல் பரப்புவதில்லை என்பது எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. பரப்பும் இடத்திலும் கரையில் கல் வைப்போம். நெல் தடிப்பாகக் கிடந்தால் சைக்கிள் சில்லு புதைந்து நின்றுவிடும். மெல்லிசாகச் சிதறிக் கிடந்தால்தான் வழுக்கும். அன்று பின்னேரம் காய்ந்த நெல்லைக் குவித்துப் படங்கால் மூடினேன். ஒரு கடகம் நெல்லை மட்டும் எடுத்துப்போய், வளைவில் அவள் வரும் பக்கமாக வீசினேன். விதைத்துப் பழகிய கைக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒன்றை மறந்துபோனேன். குவித்தபிறகு வீதியில் மிஞ்சிக் கிடப்பது, கூட்டி அள்ளுகிறவருக்குச் சொந்தம். அதுவும் எங்கள் வழக்கம்தான். பின்வளவில் இருந்த அழகம்மா தன் கோழிகளுக்காக ஒவ்வொரு பின்னேரமும் கூட்ட வருவார். மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம், நல்ல மனிசி. காது மந்தம். மோட்டார் சைக்கிள் வந்தால் விலகுவார், மணிச் சத்தம் அவருக்கு எட்டாது. அன்று விளக்குமாறும் சுளகுமாக நேரே வளைவுக்கு வந்துவிட்டார். எங்கள் வீட்டு வாசல் படலையடியில் நின்ற நான் கிட்டப் போய் உரத்துச் சொன்னேன்.

"நாளைக்குக் கூட்டலாம் அழகம்மா, இப்ப போங்கோ."

"ராத்திரி பனி பட்டா வீணாப் போயிருங்கய்யா. கொஞ்ச நேரந்தான்."

திரும்பிப் படலைக்கு வந்தேன். அவர் வீதிக்கு முதுகைக் காட்டிக் குனிந்துகொண்டார். அப்போது வளைவுக்கு அப்பால் மதகடியில் பிள்ளையின் சைக்கிள் வெளிச்சம் தெரிந்தது. நான் கையைக் காட்டியிருந்தால் அவள் அங்கேயே நின்றிருப்பாள். நின்றால் இறங்கி உருட்டிக்கொண்டு வருவாள், நெல்லைப் பார்ப்பாள், ஒன்றும் நடவாமல் வவுனியாவுக்குப் போய்விடுவாள். இவ்வளவும் எனக்கு அந்த நேரத்தில் தெளிவாகத் தெரிந்தது. அழகம்மா எப்படியும் ஒதுங்கிவிடுவார் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

கை சும்மா இருந்தது. மணி கேட்டது. சைக்கிள் பக்கவாட்டில் இழுபட்டுப்போய் அவரை அடித்தது. அவர் தலை விழுந்தது, வளைவை ஒட்டிப் பரப்பிய என் நெல்லுக்கு நான் காலையில் கரையில் வைத்த கல்லில். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. பிள்ளைக்கு முழங்கையில் மட்டும் காயம். ஹெல்மெற் போடுவது எவ்வளவு நல்லது என்று அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன். நீங்கள் வருவதற்கு முன் வளைவைக் கூட்டிவிட்டேன்.

அதற்குப்பிறகு தாட்சாயினி படலையைத் தாண்டவில்லை. அழகம்மாவின் மகன் கிருபன் வந்து, தங்கச்சி மேல் கோபமில்லை என்று சொல்லிவிட்டுப் போனான். அதைக் கேட்டு இன்னும் கூடுதலாக அழுதாள். நான் குழைத்துக் கொடுத்தால் சாப்பிடுகிறாள். சின்னப்பிள்ளையில் இருந்ததுபோல என் கையைப் பிடித்துக்கொண்டு இருக்கிறாள். பாவம்தான். ஆனால் உயிரோடு, வீட்டில், என் கண்முன்னால் இருக்கிறாள்.

ஒரு கரைச்சல்தான் மிச்சம். திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்கிறாள்.

"அப்பா, நான் மெதுவாத்தானே வந்தனான்? சில்லு எதிலையோ வழுக்கினது எனக்கு ஞாபகம் இருக்கு."

"இல்லைப் பிள்ளை. நீ வேகமாத்தான் வந்தனீ. நான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

அப்படிச் சொன்னால் அடங்கிவிடுவாள். நேற்று அடங்கவில்லை. உங்களிடம் வந்து மறுபடி விசாரிக்கச் சொல்லப்போகிறாளாம். அதுதான் நான் முந்திக்கொண்டு வந்து எல்லாவற்றையும் சொல்கிறேன். என்னை உள்ளே போட்டால் அவளுக்கு வேறு ஒருவரும் இல்லை என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். நாளைக்கு நானே அவளைக் கூட்டிக்கொண்டு வருவேன். நீங்கள் படித்தவர், உத்தியோகத்தில் இருப்பவர். உன் வேகம்தான் காரணம் என்று நீங்களும் ஒருமுறை சொல்லிவிடுங்கள். நம்பிவிட்டாள் என்றால், அதற்குப்பிறகு எங்கேயும் போகவேண்டும் என்று கேட்கமாட்டாள்.