பெயர்ப் பலகை வேண்டாம், அறையைத் திறவுங்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, முன்வரிசையில் கலங்கிப்போய் உட்கார்ந்திருக்கும் அக்காவின் தம்பியே, ஆய்வுக்கூடத்துத் தோழர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

மறைந்த நம் மூத்த ஆய்வாளரை நாம் பொட்டலம் அக்கா என்றே அழைத்தோம். என்ன வேலை என்று யார் கேட்டாலும், "பொட்டலம் கட்டுறேன்" என்பார். கண்ணுக்குத் தெரியாத நுண்துகளுக்குள் மருந்தை வைத்துக் கட்டுவார். அது இரைப்பையைத் தாண்டி, குடலில் நோய் தரும் பாக்டீரியாவைத் தேடிப் பிடித்து, அங்கே போய்த்தான் அவிழ வேண்டும்.

எதற்கு இந்தப் பாடு? கால் புண்ணுக்கு அக்காவின் தம்பி விழுங்கிய மாத்திரைகள் குடலிலிருந்த நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்துத் துடைத்தெடுத்தன. கெட்டது மட்டும் செழித்தது. கட்டிலுக்கும் கழிவறைக்குமாக அலைந்தே மனிதர் பாதியாகிப் போனார். அன்று பிடித்த பிடிவாதம் இது.

நிதிக்குழு வந்த நாள் நினைவிருக்கிறதா? எலிகளிடம் மருந்து வேலை செய்திருந்தது. கைதட்டக் காத்திருந்தோம். அக்கா எழுந்தார்.

"பாதிப் பொட்டலம் வயித்துலயே பிரிஞ்சிடுதுங்க. அமிலம் தாங்கல. இதை மனுஷங்களுக்குக் கொடுக்க விடமாட்டேன்."

"இதை இப்பவே சொல்லணுமாம்மா?" என்றார் இயக்குநர்.

"வேற எப்ப சார் சொல்றது? ஆளுங்க முழுங்கினப்புறமா?"

நிதி நின்றது. அக்காவின் ஆய்வறைக்குப் பூட்டு விழுந்தது. அக்கா அசைந்தாரா? மாடிப்படிக்கு அடியிலிருந்த சாமான் அறையில் மேசையைப் போட்டார். "இங்க ஒரு வசதி. யாரும் எட்டிப் பார்க்க மாட்டாங்க" என்று சிரித்தார். துகளின் மேலுறையை மாற்றினார். சரிவரவில்லை. மறுபடி மாற்றினார். புற்றுநோய் உடம்பைத் தின்றுகொண்டிருந்தபோதும் மாற்றினார். சென்ற மழைக்காலத்தில் துகள்கள் இரைப்பையைத் தாண்டின. எலிகளின் குடலில் கெட்டவை மடிந்தன, நல்லவை பிழைத்துக்கொண்டன. அதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனார்.

இயக்குநர் அவர்களே, கூட்ட அரங்குக்கு அக்காவின் பெயரைச் சூட்டுவதாகச் சற்று முன் அறிவித்தீர்கள். மன்னியுங்கள், எங்களுக்கு அது வேண்டாம். பூட்டிய அறையைத் திறக்காமல் பெயரை மட்டும் பொறித்து என்ன பயன்? அவர் உங்களிடம் கடைசிவரை கேட்டது அந்த அறையின் சாவியைத்தானே?

தோழர்களே, மனிதர்களிடம் சோதிக்கும் கட்டம் இனிமேல்தான் வருகிறது. அதையும் நாம் செய்வோம். அதில் ஒரு குறை தென்பட்டாலும் எந்தக் குழுவின் முன்னும் எழுந்து நின்று சொல்வோம். திறந்தால் அந்த அறையில். திறக்காவிட்டால் படிக்கு அடியில். நாளைக் காலை வேலை தொடங்கும். தடுக்க நினைப்பவர் நேரில் வந்து தடுக்கட்டும்.