ஓடைமேல் கதவு

ருவான்வெல்லை பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ரப்பர் தோட்டத்துப் பெண்கள் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"எங்க வீட்டுக் கதவு இப்ப ஓடைமேல கெடக்கு" என்றார் மூத்தவர்.

"ஏன்க்கா?"

"பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போற பாலத்துக்கு எங்க லயத்து வரிசையில வீட்டுக்கு ஒரு பலகை குடுத்தோம். என்கிட்ட கதவுதான் இருந்துச்சு."

"அப்ப வீட்டுக்கு?"

"வாசல்ல பழைய சேலையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கேன். அது பரவாயில்ல. கதவுல பொங்கலுக்கு வச்ச பொட்டு இருந்துச்சா, மிதிக்கக் கூடாதுன்னு எல்லாரும் தாண்டிப் போனாங்க. ஒரு புள்ள வழுக்கி ஓடையில விழுந்துருச்சு."

"பொட்டை அழிச்சிட வேண்டியதுதானே?"

"அழிச்சேன். அப்பயும் வீட்டுக் கதவாச்சேன்னு மிதிக்கல."

"இப்ப?"

"காலையில நானே போய் அதுமேல நின்னுக்கிறேன். எங்க வீட்டுக்கு வாங்கன்னு கூப்பிடுறேன். வருதுங்க."