ஜெயில் வீடு

மரக்காணம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். உப்பளத்தில் வேலை செய்பவர்கள்.

"எழுத்தே தெரியாம மெட்ராஸ் லைப்ரரில என்னக்கா பண்ணே?"

"மருமக நான் மாமனார் பேரை வாயால சொல்லலாமா? துண்டுச் சீட்டுல எழுதி வாங்கிட்டுப் போனேன். அவரு ஜெயிலுக்குப் போன வருஷத்துப் பேப்பர்ல அதே எழுத்தைத் தேடினேன். ஒன்பதாம் நாள் கெடைச்சுது."

"என்ன போட்டிருந்துது?"

"அங்க ஒருத்தர் படிச்சுச் சொன்னாரு. வெள்ளைக்காரனை எதிர்த்து உப்பு அள்ளினாராம். அதுக்குத்தான் ஜெயில்."

"திருட்டுக் குடும்பம்னு உம் பொண்ணை வேணாம்னாங்களே?"

"இப்ப அவங்களே பொண்ணு பாக்க வர்றாங்க."

"இனிமே ஜெயில் வீடுன்னு எவனும் கூப்பிட மாட்டான்."

அக்கா கையிலிருந்த அந்தத் துண்டுச் சீட்டை முந்தானையில் முடிந்தாள்.

"கூப்பிடட்டும். ஜெயில் வீடு எதுன்னு கேட்டாத்தான் வர்றவங்களுக்கு வழி காட்டுவாங்க."