ஜாடியைத் தொட்டது யார்?

"அலோ... அலோ... யாரு, சாரதாவா?... அம்மாதாண்டி. நைனா வல்லத்துக்குப் போயிருக்காரு... ஆமா, ஆமா, சொல்லு."

செஞ்சிக் கடைத்தெருவில் கணவரின் மணிலா மண்டி. டெலிபோனைக் காதில் வைத்தபடியே உண்ணாமலை ஒரு வேர்க்கடலை மூட்டைமேல் சாய்ந்தாள். திருவண்ணாமலையில் வாழ்க்கைப்பட்ட மகள் டிரங்கால் போட்டால் அழத்தான் போடுவாள். ஐந்து வருஷமாகக் கேட்டு அலுத்துப்போயிற்று.

"...மாங்கா ஊறுகா கெட்டுப்போச்சா? இதுக்கா போன் போட்டே?... சரி, சரி, அழாத. மேல வெள்ளையா ஆடை கட்டியிருக்குதா?... இல்லியா? கருப்பா, பஞ்சு மாரியா?... துண்டெல்லாம் கொழகொழன்னு?... வாடை?... ஐயய்யே. வழிச்சுப் போட்டாலும் தேறாது, அடி வரைக்கும் எறங்கியிருக்கும். குழி தோண்டிக் கொட்டிடு. மாட்டுக்கும் வைக்காத."

"...ஈரக் கரண்டி போட்டது யாரு?... உங்க மாமியாவா? நீ பாத்தியா?... அப்புறம் இன்னாத்துக்கு உம்மேல பழி?..."

மூட்டை தைக்கிற இரண்டு பேர் ஊசியை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உண்ணாமலை அவர்களை ஒரு முறை முறைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"...தூரமானத மறைச்சுட்டு ஜாடியத் தொட்டுட்டியாமா?... ரெண்டு மாசமா ஒதுங்கி உக்காரவே இல்லன்னு கணக்கு வச்சிருக்காங்களா?... ம்... ம்... புள்ளையும் இல்ல, ஆசாரமும் இல்லன்னாங்களா?... வெள்ளிக்கிழம பஸ் ஏத்தி அனுப்பிடுவாங்களாமா..."

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. மறுபடியும் போய் அந்த அம்மாள் முன்னால் கைகட்டி நிற்க வேண்டுமே என்றுதான் இருந்தது.

"சரி விடு. நைனா வந்து பேசுவாரு... நீயும் ஏண்டி ஒதுங்காம இருந்த? ஊரு வாய்க்குப் பயந்து மூணு நாளு... இன்னா?... வரவே இல்லியா?"

உண்ணாமலை நிமிர்ந்து நின்றாள்.

"...இரு, இரு. கடைசியா எப்ப?... பங்குனியிலயா? இது வைகாசி முடியப்போவுதுடி!... ஒடம்புச் சூடுன்னு நெனச்சியா? யாராண்டயும் சொல்லலியா?... காலையில தல சுத்துதா?... ஆமாவா?... அட என் கண்ணே! அஞ்சு வருசமா நாங்க எதுக்குடி கோயில் கோயிலா... இல்ல, இல்ல, நான் அழல... சாரதா, அந்த ஊறுகாய நீ தின்னியா?... வாய்க்குப் புளிப்பாக் கேக்குதுன்னு மோந்து மட்டும் பாத்தியா?... தொடாதடி! நான் வேற எடுத்தாறேன். இப்பவே பஸ் ஏறுறேன். உங்க மாமியாகிட்ட... அலோ?... அலோ?..."

டிரங்காலின் மூன்று நிமிஷம் முடிந்து லைன் அறுந்துவிட்டது. கண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் உண்ணாமலை மூட்டை தைக்கிறவர்கள் பக்கம் திரும்பினாள்.

"இன்னா பாக்கிறீங்க? திருவண்ணாமல பஸ் எத்தன மணிக்கு?"