சந்திரநாதன் இருந்த விரதம்

வாக்கு எண்ணிக்கைக்குப் புறப்பட்ட காலையில், வேர்க்கடலைச் சட்னியில் உப்பு குறைவு என்றார் அண்ணன். உப்பை அவர் பக்கம் நகர்த்தினேன். கலந்துகொண்டு, இன்னொரு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவர் கேட்டுக் கிடைத்த கடைசிச் சாப்பாடு அது.

செஞ்சியில் நான் பள்ளி வரலாற்று ஆசிரியராக இருந்தவன். குடியரசின் கடைசிக் காலத்து ரோமாபுரிப் பிரபுக்கள் பதவிகளில் படிப்படியாக ஏறுவார்கள், அதற்காக அணி மாறுவார்கள், தோற்றால் மானத்தோடு சாவார்கள் என்று பாடம் நடத்துவேன். மனதுக்குள் அண்ணன் சந்திரநாதன்தான் இருப்பார். பேரூராட்சியில் வார்டு உறுப்பினர், துணைத்தலைவர், தலைவர் என்று ஏறியவர். இரண்டு முறை கட்சி மாறியவர். என்னைப் படிக்கவைத்தவரும் அவரே.

அன்று சொந்த வார்டிலேயே, எதிர்த்து நின்ற பெரியதம்பி என்பவனிடம் தோற்றார். வீட்டுக்கு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

"இனிமே எனக்குச் சோறு வேணாம்டா வர்த்தமானு."

மறுநாள் தோல்விக்குத் துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம், அண்ணன் சல்லேகனை எடுத்திருப்பதாகச் சொன்னேன். உண்ணாமல் உயிர்விடும் எங்கள் சமண விரதம் அது. குருவின் உத்தரவு வேண்டும். கோபத்தில் எடுத்தால் அது விரதமே ஆகாது. இரண்டும் எனக்குத் தெரியும்.

தொண்டூரிலிருந்தும் வல்லத்திலிருந்தும் ஜனங்கள் வந்து வணங்கினார்கள். பெரியதம்பியே வந்து காலைத் தொட்டான். அவன் போனதும் அண்ணன் சிரித்தார்.

"ஓட்டுப் போடாதவன்லாம் கால்ல வுழறான் பாரு. போதும்டா, கொஞ்சம் கஞ்சி கொண்டா."

"வெளிய ஜனம் இருக்குதுண்ணா."

"இருக்கட்டுமே. அவுங்களுக்கா பசிக்குது?"

"இப்ப குடிச்சா ஊரே சிரிக்கும். நாளைக்குப் பாக்கலாம்."

அடுத்த நாளும் அதையே சொன்னேன். தண்ணீர் மட்டும் கொடுத்தேன். எழுபதைக் கடந்த சர்க்கரை உடம்பு. சீக்கிரமே எழ முடியாமல் போயிற்று. அறைக்குள் வேறு யாரையும் விடவில்லை.

அவருடைய மகள் யாழினி பெங்களூரிலிருந்து ஓடிவந்தாள். அறை வாசற்படியிலேயே நிறுத்தினேன்.

"மௌனமும் சேத்து எடுத்திருக்காரும்மா. பேச்சுக் குடுக்காத."

அவளைப் பார்த்ததும் அண்ணனின் உதடுகள் அசைந்தன.

"சித்தப்பா, நைனா ஏதோ சொல்றாரு."

"மந்திரம் சொல்றாரும்மா."

அவள் அங்கேயே கைகூப்பி உட்கார்ந்து அழுதாள். எனக்கு அவர் சொன்னது கேட்டது. கஞ்சி என்றார். பிறகு அவள் பெயரைச் சொன்னார். மறுநாள் விடியும்போது போய்விட்டார்.

அவர் ஜெயித்தபோதெல்லாம் சேராத கூட்டம் இறுதி ஊர்வலத்தில் சேர்ந்தது. மனம் பொறுக்காமல் பெரியதம்பி பதவியை விட்டான். இடைத்தேர்தலில் என் மகன் ஸ்ரேயாம்ஸ் போட்டியில்லாமல் அந்த இடத்துக்கு வந்தான். அதற்காக நான் எதையும் செய்யவில்லை. அண்ணன் தோற்றவராகச் சாகக் கூடாது என்று நினைத்தேன், அவ்வளவுதான். அவரை நினைக்காமல் எனக்கு ஒரு வேளைச் சோறு இறங்குவதில்லை.

அவர் படுத்திருந்த கட்டிலை யாரும் நகர்த்தவில்லை. அதில் படுத்துத் தலையைத் திருப்பினால், எங்கள் சமையலறை அடுப்பு நேராகத் தெரியும்.