கருங்குதிரைக்கு ஒரு பொன்கழுகு

— முடியாது மாமா. கழுகையும் எடுத்துக்கோ, குதிரையையும் நீயே வச்சுக்கோன்னா அதுக்குப் பேரு மாத்திக்கிறது இல்ல.

— அட விடு மக்பால். நான் உங்க அம்மாவோட கூடப்பிறந்த தம்பி. உன்கிட்ட போய் கார்டுக்குக் கார்டு எண்ணி வாங்கினேன்னு தெரிஞ்சா உங்க அம்மா என்னைச் சும்மா விடுவாளா?

— அம்மாவுக்கு இந்தப் படக் கார்டெல்லாம் ஒண்ணுதான். போன மாசம் என் ஆல்பத்தையே குப்பையில போடப் பாத்தாங்க. முதல்ல கையைத் தொடைங்க. பவுர்சாக் தின்ன எண்ணெய்க் கையோட ஒண்ணையும் தொடாதீங்க.

— தொடைச்சாச்சு. இந்தா, பொன்கழுகு. எடுத்துக்கோ. எனக்கு என்ன கொறஞ்சு போச்சு?

— நாலு வருஷமா இந்தக் கருங்குதிரையைத் தேடுறீங்க. அஸ்தானா வரைக்கும் போய்த் தேடினீங்க. நேத்து நான் வாங்கின பாக்கெட்டைப் பிரிச்சா, முதல் கார்டே இதுதான். உங்ககிட்ட கழுகு ரெண்டு இருக்கு. எனக்கு அதுல ஒண்ணு வேணும், உங்களுக்கு இது வேணும். இதுல என்ன கஷ்டம்?

— கஷ்டம் என்ன கஷ்டம். நீ கழுகைக் கேட்டுட்டே. அக்கா பிள்ளை கேட்டதுமே அது உன்னுது. அதுக்கப்புறம் நான் எதுக்குக் குதிரையை வாங்கணும்? கேட்டதை இல்லைன்னு சொல்ற தாய்மாமனுக்குக் கை நடுங்கும்னு எங்க அப்பா சொல்வாரு. நான் டிராலி பஸ்ஸுக்கு பிரேக் பாக்குறவன். என் கை நடுங்கினா இந்த அல்மாத்தி ஊர் தாங்குமா?

— அக்கா பிள்ளை கேட்டதைத் தாய்மாமன் மூணு தடவை குடுக்கணும், அவ்வளவுதானே மாமா வழக்கம்? என் மூணும் எப்பவோ முடிஞ்சுது. அஞ்சு வயசுல உங்க நாய்க்குட்டியைத் தூக்கிட்டு வந்தேன். பத்து வயசுல சைக்கிள். அப்புறம் அந்த மலையேறுற பூட்ஸ்.

— பூட்ஸ் கணக்குல சேராது. அது எனக்கு ஏற்கெனவே கடிச்சுக்கிட்டு இருந்துச்சு.

— சிரிக்க வைக்காதீங்க. இருபத்தி ரெண்டு வயசாச்சு எனக்கு. ஆஸ்பத்திரி லேப்ல எல்லாரோட ரத்தத்தையும் நம்பி என்கிட்ட குடுக்குறாங்க. இங்க வந்தா மட்டும் நான் இன்னும் நாய்க்குட்டி கேக்குற பாப்பாவா?

— யாரு அப்படிச் சொன்னது?

— நேத்து வீட்டுல உக்காந்து, இந்த மூணு மாசமா உங்ககிட்ட மாத்தினதை எல்லாம் ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தேன். மூணு சாதாக் கார்டுக்கு வெள்ளிச் சிறுத்தையைக் குடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா? பழசாப் போச்சு, எனக்கு வேண்டாம்னீங்க.

— பழசுதானே.

— இந்தக் கடைக்குக் கார்டு மாத்திக்க வர்ற எல்லார்கிட்டயும் சேத்து அது மாதிரி ஒண்ணுதான் இருக்கு. அன்னைக்கு நான் என்னமோ பெரிய பேரம் பேசி ஜெயிச்சுட்டேன்னு வீட்டுக்குப் போற வழியெல்லாம் தனியா சிரிச்சேன் மாமா. இப்ப நினைச்சா அசிங்கமா இருக்கு.

— அசிங்கமா? நீ சந்தோஷப்படுறேன்னுல்ல நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

— கடைக்கார சோய் அண்ணன் சுவத்துல எழுதி ஒட்டியிருக்காரே, அதைப் படிங்க.

— கை குலுக்குறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் நாற்காலி மாறி உக்காருங்க. எதிராளி பக்கத்துலேருந்து பாத்தும் சம்மதம்னா மட்டும் குலுக்குங்க. அதான் எல்லாருக்கும் தெரியுமே. அது வெளியாளுக்கு. நமக்குள்ள எதுக்கு?

— ஒரு தடவைகூட நாம மாறி உக்காரல. இன்னைக்கு மாறுவோம். எந்திரிங்க.

— சரி, சரி, இழுக்காதே. டீ கொட்டிரும். இந்தா, உக்காந்தாச்சு. என்னடி இது, இங்கேருந்து மலையே தெரியல?

— எனக்கு எப்பவும் மலை முதுகுப் பக்கம். உங்களுக்குக் கடை முதுகுப் பக்கம். இப்ப என்ன தெரியுதுன்னு சொல்லுங்க.

— என்ன தெரியும், நம்ம ஆளுங்கதான். சாக்கென் இருக்கான். அந்த ஒரே மேஜையில எட்டுப் பேரு இடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. நம்ம பக்கத்துல ரெண்டு மேஜை காலியாக் கிடக்கே. ஏன் இங்க வந்து உக்காரல?

— எப்பவுமே காலிதான்.

— எப்பவுமேன்னா?

— என்கிட்ட யாரும் மாத்திக்க வர்றதில்ல மாமா. சாக்கென்கிட்ட ரெண்டு மலைவாசல் கார்டு கேட்டேன். உனக்கெதுக்கு எங்க கார்டு, மாமா பையில கை விட்டா வந்துரப் போகுதுன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. ஓசிக்காரின்னு பேரு வச்சிருக்காங்க. எனக்கு எது உசத்தி, எது மட்டம்னே தெரியாதாம்.

— இப்பவே போய் அவனை நாலு கேள்வி—

— உக்காருங்க. நீங்க போய்க் கேட்டா அந்தப் பேரு இன்னும் நல்லா ஒட்டிக்கும்.

— எத்தனை நாளா இப்படி?

— முதல் ஞாயித்துக்கிழமையிலேருந்து.

— ஏன் என்கிட்ட சொல்லல?

— நீங்க குடுக்கும்போது உங்க முகம் அவ்வளவு நல்லா இருந்துச்சு. எப்படிச் சொல்றது?

— நான் ஒரு மடையன், மக்பால்.

— மடையன் இல்ல. தாய்மாமன். இன்னைக்கு ஒரு அரை மணி நேரம் அதை மறந்துடுங்க. எனக்கு ஒரே ஒரு நியாயமான மாத்தல் வேணும். சாக்கென்கிட்ட எப்படிப் பேசுவீங்களோ, அப்படியே என்கிட்ட பேசுங்க.

— அவன்கிட்ட பேசுற மாதிரியா? தாங்க மாட்டே.

— தாங்குவேன்.

— நல்லா யோசிச்சுக்கோ. ஆரம்பிச்சா நான் விட மாட்டேன்.

— யோசிச்சுட்டுத்தான் வந்திருக்கேன்.

— சரி. குதிரையை உறையிலேருந்து எடு. வெளிச்சத்துல திருப்பு. இன்னும் கொஞ்சம். ம். கீழ் மூலையில வெள்ளையா ஒரு பொட்டு இருக்கு.

— அது பாக்கெட்டிலேருந்து வரும்போதே அப்படித்தான் இருந்துச்சு.

— எப்படி வந்தா எனக்கென்ன? பொட்டு பொட்டுதான். என் கழுகுல ஒரு கீறல் காட்டு பாப்போம்.

— கீறல் இல்ல. ஆனா கழுகு இந்த ஊர்ல பத்துப் பேர்கிட்ட இருக்கு. கருங்குதிரை எத்தனை பேர்கிட்ட இருக்கு, சொல்லுங்க.

— பொட்டு இல்லாததுன்னா நீ சொல்றது சரி.

— மெதுவாப் பேசுங்க மாமா, எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க.

— பாக்கட்டும். இந்தக் குதிரைக்கு மட்டும் என் கழுகு வராது. அந்த மூணாம் பக்கத்துல ஓநாய் வச்சிருக்கே பாரு, அதையும் எடுத்து மேல வை.

— ஓநாயா? அது என் சம்பளத்துல வாங்கினது.

— அதனாலதான் கேக்குறேன். மத்ததெல்லாம் நான் குடுத்தது. உன்னுதுன்னு இந்த ஆல்பத்துல நான் ஆசைப்படுற மாதிரி இருக்குறது அது ஒண்ணுதான். வைக்கிறியா, நான் எந்திரிக்கட்டுமா?

— கொஞ்சம் இரு மக்பால், அந்த ஓநாயை உங்க மாமாவுக்குக் குடுத்துடாதே, அன்னைக்கு நீ என்கிட்ட கேட்ட ரெண்டு மலைவாசலையும் தர்றேன்.